மெத்தை எவ்வளவு இறுக்கமாக இருந்தால் நல்ல தூக்கம் வரும்?

இறுக்கம் என்பது, படுத்ததும் மெத்தை உங்கள் உடம்புக்கு எவ்வளவு இடங்கொடுக்கிறது என்பதுதான். தரம் வேறு, விலை கூடியவற்றிலும் மென்மையானது உண்டு, இறுகியதும் உண்டு.

நமது உடம்பு பலகை இல்லை. தோளும் இடுப்பும் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் ஒரு வளைவு. வெள்ளவத்தைக் கடற்கரையின் காய்ந்த மணலில் பக்கவாட்டாகப் படுத்துப் பாருங்கள்: தோளுக்குக் கீழே மணல் விலகும், வளைவைக் கொஞ்சம் தாங்கும். சீமெந்துத் தரையில் தோள் நோகும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலோ முதுகு வாழைப்பழம் மாதிரி வளையும்.

அதனால் பக்கவாட்டில் படுப்பவருக்குச் சற்று மென்மை, மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரம், குப்புறப் படுப்பவருக்கு இறுக்கம். உடல் எடை கூடியவர் இறுக்கத்தை ஒரு படி கூட்டிக்கொள்ளலாம்.

கடையில் கையால் அமத்திப் பார்ப்பது வீண். பொலித்தீன் உறையோடு இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் தூங்கும் விதமாகவே பத்து நிமிடம் படுங்கள். அப்புறம் மல்லாந்து படுத்து இடுப்பு வளைவுக்குள் கையை விடுங்கள். தாராளமாகப் போய்வந்தால் இறுக்கம் அதிகம். புகவே முடியாவிட்டால் மென்மை அதிகம். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

முதுகுவலிக்குக் கல்லுமாதிரித் தும்பு மெத்தைதான் மருந்து என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பானிய ஆய்வில், நாள்பட்ட கீழ் முதுகுவலி உள்ள 313 பேரில், இறுகிய மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர இறுக்கத்தில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது.