டார்செஸ்டரை நடத்தியது பயமா, பணமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1613 தீயைக் கடவுளின் தண்டனையாக எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் டார்செஸ்டர் நகரமே திருந்திவிட்டது என்று படித்தேன். வெறும் பயம் ஓர் ஊரை அத்தனை வருடம் நடத்துமா? ஏழைகளுக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது?

— வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நடத்தாது. தொடங்கிவைத்தது பயம். நடத்தியதில் பெரும்பங்கு பியர் விற்ற காசுக்கு.

1613 ஆகஸ்ட் 6 பிற்பகலில், மெழுகுவர்த்தி செய்யும் ஒருவர் மாட்டுக்கொழுப்பு உருக்கும் கொப்பரையின் அடியில் தீயை அதிகமாக மூட்டிவிட்டார். எரியும் கொழுப்பில் தண்ணீர் ஊற்றினால் தெறித்து இன்னும் பரவும். ஆட்களில் பலர் அறுவடைக்குப் போயிருந்தார்கள். அன்றைய ஆங்கில ஊர்களில் தீயணைக்க இருந்தவை தோல் வாளியும், எரியாத கூரையை முன்கூட்டியே இழுத்துத் தள்ளும் நீளக் கொக்கிக் கம்பும்தான். நிறைய கைகள் இல்லாவிட்டால் இரண்டும் வீண். மாவட்ட நீதிமன்றக் கட்டடமான ஷையர் ஹாலில் இருந்த வெடிமருந்துப் பீப்பாய்களை ஈரத்துணி சுற்றி உருட்டி வெளியேற்றினார்கள். அந்த ஆபத்து மட்டும் தவிர்ந்தது. சுமார் 170 வீடுகளும் மூன்று தேவாலயங்களில் இரண்டும் போயின. நட்டம் 2 லட்சம் பவுண்டு என்று அப்போதே எழுதினார்கள். வகுத்துப் பாருங்கள், வீட்டுக்கு 1,100 பவுண்டுக்கு மேல் வருகிறது. கிடங்குச் சரக்கைச் சேர்த்தாலும் எனக்கு அது மிகையாகவே படுகிறது.

1606 முதல் அங்கே பாதிரியாராக இருந்த ஜான் வைட்டின் பிரசங்கத்துக்கு அதன்பிறகு காது கிடைத்தது. ஆனால் ஏழைகளுக்கான நிதிக்கு 1601 சட்டப்படி இருந்த முக்கிய வழி ஒன்றுதான்: மேற்பார்வையாளர்கள் சொத்துக்கு வரி போட்டு வசூலிப்பது. பாதி ஊர் எரிந்தால் வரி கட்டுகிறவர் குறைவார், கை நீட்டுகிறவர் கூடுவார். இந்த முடிச்சை வரியால் அவிழ்க்க முடியாது. அதனால்தான் 1622இல் நகராட்சியே ஒரு பியர் ஆலை தொடங்கியதை வைட்டின் பிரசங்கங்களைவிட முக்கியமாக நினைக்கிறேன். பியர் அன்று வீட்டுக்கு வீடு அன்றாடக் குடிபானம். அந்த லாபம் ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கிய விடுதிக்கும் ஊரின் மற்ற தர்மங்களுக்கும் போனது.

குடிவெறியைத் தண்டித்த ஊர் பியர் விற்றதா என்று கேட்பீர்கள். இரண்டும் ஒரே கணக்கில்தான் ஓடின. 1606 சட்டப்படி குடிபோதைக்கு அபராதம் 5 ஷில்லிங். கட்ட முடியாதவருக்கு ஆறு மணி நேரம் கால்களைப் பூட்டிவைக்கும் தொழுமரம். அபராதம் அந்தந்தத் திருச்சபை வட்டத்தின் ஏழைகளுக்கே சேரும். டார்செஸ்டரின் 1629–37 குற்றப் பதிவேடு இன்றும் இருக்கிறது. குடித்தவர், சத்தியம் செய்து வைதவர், ஞாயிறு ஆராதனைக்கு வராதவர் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அந்தக் கருணைக்குப் பின்னால் எவ்வளவு கண்காணிப்பு இருந்தது என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

ஏற்பாட்டின் பலவீனம், பியர் காய்ச்சத் தேவையான பார்லி. விளைச்சல் பொய்த்தால் தானியம் ரொட்டிக்கே போதாது. 1630–31 தட்டுப்பாட்டில் அரசே மால்ட் (பியருக்காக முளைகட்டி உலர்த்திய பார்லி) தயாரிப்பைக் கட்டுப்படுத்தச் சொன்னது. பியரை நம்பிய எந்தத் தர்ம நிதியும், பசி அதிகமாகும் வருடத்தில்தான் வற்றத் தொடங்கும்.