‘கண்டறியப்படவில்லை’ என்றால் பூஜ்யமா?

கேள்வி: உணவு வழியாக நம் உடலுக்குள் போகும் பூஞ்சை நச்சை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஆய்வறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று போட்டிருந்தால் நிம்மதியாக இருந்துவிடலாமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில்: அவசரப்பட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். ஏன் என்று சொல்ல முதல் கேள்விக்குப் போக வேண்டும். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சில வருடங்கள் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

சூத்திரம் பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு கிலோ உணவில் எவ்வளவு நச்சு, அந்த உணவை ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு சாப்பிடுகிறார். இரண்டையும் பெருக்கி, அவருடைய உடல் எடையால் வகுக்க வேண்டும். நச்சு இருக்கக்கூடிய பண்டம் ஒவ்வொன்றுக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் விடை வந்துவிடும். வில்லங்கமெல்லாம் பெருக்க எடுக்கும் எண்களில் இருக்கிறது.

முதலில் மாதிரி எடுப்பது. தண்ணீரில் உப்பு கரைந்த மாதிரி அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு கடலை மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான கடலைகளில் ஒன்றிரண்டில் மட்டும் பூஞ்சணம் மொத்த நச்சையும் கொட்டி வைத்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே மூட்டையிலிருந்து இரண்டு தடவை கையால் அள்ளி அரைத்துப் பார்த்தேன். முதலாவதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது வரம்பைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. கருவிதான் கெட்டுவிட்டது என்று ஒரு நாள் முழுக்க அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “மிஷின் சரியாத்தான் இருக்கு தம்பி, உன் கைதான் சின்னது” என்றார். பதப்படுத்தப் போகும் வேர்க்கடலைக்கு ஆய்வக மாதிரியே 20 கிலோ இருக்க வேண்டும் என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் சொல்வது இதனால்தான். அவ்வளவையும் அரைத்துக் கலந்த பிறகுதான் ஒரு சிட்டிகை கருவிக்குள் போகும்.

அப்புறம் உங்கள் ‘கண்டறியப்படவில்லை’. அந்தக் கருவியின் கண்ணுக்கு எட்டும் அளவுக்குக் கீழே இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் இருந்தால்தான் கருவிக்குத் தெரியும் என்றால், 0.9 இருந்தாலும் அறிக்கையில் இதே வார்த்தைதான் வரும். சரி, பெருக்கும்போது எந்த எண்ணைப் போடுவது? பூஜ்யம் போட்டால் வருவது கீழ் எல்லை. 1 என்றே போட்டால் மேல் எல்லை. இப்படிப்பட்ட மாதிரிகள் குறைவாக இருந்தால் பாதியைப் போட்டுச் சமாளிப்பார்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு எல்லைகளையும் காட்டுவதுதான் பொதுவான நடைமுறை.

விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். 100 கடலை மாதிரிகள். 90-ல் கண்டறியப்படவில்லை; மீதி 10-ல் சராசரியாகக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சின் பி1. பூஜ்யம் போட்டால் மொத்தச் சராசரி 0.5, ஒன்று போட்டால் 1.4. தினம் 30 கிராம் சாப்பிடும் 60 கிலோ ஆளுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.25 நானோகிராம் (மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றும் சொல்லலாம், 0.7 என்றும் சொல்லலாம். அதே கடலை, அதே ஆள், ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். அதே 30 கிராமை 15 கிலோ குழந்தை சாப்பிட்டால் இரண்டு எண்களுமே நான்கு மடங்காகிவிடும்.

இந்த விடையை எதோடு ஒப்பிடுவது? கோதுமையில் வரும் டீஆக்சிநிவலினால் என்ற இன்னொரு பூஞ்சை நச்சுக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 மைக்ரோகிராம் என்று ஏற்கத்தக்க அளவு இருக்கிறது. அஃப்ளாடாக்சினுக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை. அது மரபணுவையே சேதப்படுத்திப் புற்றுநோய் உண்டாக்குவது. அதனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் வேறு வழியில் போனது. எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயைப் 10 சதவீதம் கூட்டும் அளவைக் கவனமாகக் குறைத்து மதிப்பிட்டு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 400 நானோகிராம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதை நம் விடையால் வகுத்து 10,000-க்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டும். மேலே போட்ட கணக்கில் 0.25-க்கு 1,600 வருகிறது; 0.7-க்கு 570 சொச்சம். பூஜ்யம் போட்டும் தப்ப முடியவில்லை பாருங்கள். ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவருக்கு இதே அளவு நச்சு சுமார் 30 மடங்கு வீரியத்தோடு வேலை செய்கிறது என்பது தனிக்கதை.

சாப்பிட்ட அளவு எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலும் ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டு எழுதுவதுதான். கொறித்ததை யாரும் சொல்வதில்லை. அதனால் எனக்கு இரத்தப் பரிசோதனை மேல்தான் நம்பிக்கை அதிகம். அஃப்ளாடாக்சின் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உள்ளே போனது தெரியும். அஃப்ளாடாக்சினை உடல் மாற்றி வெளியேற்றும் வடிவம் எம்1; சிறுநீரில் பார்க்கும் அது ஓரிரு நாள் கதையை மட்டும் சொல்லும். ஆனால் எந்தப் பண்டத்திலிருந்து வந்தது என்று இரத்தம் சொல்லாது, அதற்குத் திரும்பவும் மூட்டைக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: கண்டறியும் வரம்பு எவ்வளவு, மாதிரி எத்தனை கிலோ. இரண்டும் இல்லையென்றால் கூடத்துக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். நான் அங்கே இருந்தபோது அப்படிக் கேட்டவர்கள் மொத்தமே இரண்டு பேர்தான்.