விலா இருக்கட்டும், முதலில் காதைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 23 வயது, எடை 42 கிலோ. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். அமுச்சியின் (அம்மாவின் அம்மா) கையில் சின்ன வயதில் குத்திய பச்சை இருக்கிறது, புள்ளியும் கோடுமாக ஒரு கோலம். அதையே என் இடது விலாவில் ஒரு சாண் உயரத்துக்கு டாட்டூ போட ஆசை. அம்மா கண்ணில் படாத இடம் அதுதான். ஆனால் விலாவில் உயிர் போகும் என்கிறார்கள். பொள்ளாச்சியில் ஒரு கடையில் கேட்டதற்கு, “மரத்துப்போற கிரீம் ஆன்லைன்ல கிடைக்கும், விலா முழுக்கப் பூசி பிளாஸ்டிக் கவர் சுத்திட்டு வாங்க, ஒண்ணும் தெரியாது” என்றார்கள். ரத்தம் எடுத்தாலே எனக்குத் தலை சுற்றும். ஊசி நுரையீரலில் பட்டுவிடுமா? பி.கு.: போன வருடம் இரண்டாவதாகக் காது குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தடிப்பு இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதானே?

பதில்: சம்பந்தம் இருக்கிறது. கடிதம் முழுக்க வலியைப் பற்றி எழுதிவிட்டு, நான் கேட்டிருக்க வேண்டிய விஷயத்தைப் பின்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காயம் ஆறியதும் தழும்பு வளர்வது நிற்க வேண்டும். சிலருடைய தோலுக்கு நிறுத்தத் தெரியாது. துளை போட்ட இடத்தையும் தாண்டிப் பக்கத்துத் தோலுக்குப் பரவி, வழவழவென்று தடித்து, அரிக்கவும் செய்யும். இதைக் கீலாய்டு என்கிறோம். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோல்காரர்களுக்கும், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கும் அதிகம் வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் அதிகம். காது, நெஞ்சு, தோள், மேல்முதுகு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். நீங்கள் கேட்கும் விலா நெஞ்சுக்குப் பக்கத்து வீடு. காதில் ஒரு துளைக்கே தோல் இப்படி நடந்துகொண்டிருந்தால், ஒரு சாண் கோலத்துக்கான ஆயிரக்கணக்கான குத்துகளுக்கு என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டாட்டூ போட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. ஏற்கெனவே ஒரு முறை வந்தவருக்கு, “போடுங்கள்” என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் தடிப்பு கீலாய்டாக இல்லாமலும் இருக்கலாம். கம்மலின் உலோகம் ஒத்துக்கொள்ளாமலோ, கிருமி பட்டோ துளையைச் சுற்றிக் கட்டி வருவது உண்டு. பார்த்துத் தொட்டால்தான் தெரியும். பாலக்காடோ கோவையோ, எது வசதியோ அங்கே தோல் மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். கீலாய்டு என்றால் அதற்குள்ளேயே போடுகிற ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது, சில வாரங்களுக்கு ஒரு முறை. யாராவது “வெட்டி எடுத்துடலாம்” என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக.

இனி வலி. கீலாய்டு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். விலாவில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை கிடையாது, 42 கிலோ எடைக்கு அது இன்னும் குறைவு. எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வில் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. ஒவ்வொரு விலா எலும்பின் அடியிலும் ஒரு நரம்பு போகிறது. இயந்திரத்தின் அதிர்வு எலும்பு வழியாக நெஞ்சுக் கூடு முழுக்கக் கேட்கும். போதாக்குறைக்கு மூச்சு விடும்போதெல்லாம் அந்த இடம் அசையும். ஆகவே வலிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் ஊசி இறங்குவது ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர், மேல்தோலுக்கு அடுத்த அடுக்கு வரைதான். நுரையீரல் அதற்கெல்லாம் எட்டாத தூரத்தில் பத்திரமாக இருக்கிறது.

நான் உண்மையில் பயப்படுவது அந்தக் கிரீமுக்குத்தான். மரத்துப்போக வைக்கும் மருந்து பெரும்பாலும் லிக்னோகெய்ன். ஆஸ்பத்திரியில் கையளவு இடத்துக்கு, கணக்குப் பார்த்துப் பூசினால் நல்ல மருந்து. விலா முழுக்கப் பூசி, மேலே பிளாஸ்டிக் சுற்றினால் தோல் அதை வேகமாக உள்ளே இழுக்கும். நடுவில் ரத்தம் கசியும் தோலில் இன்னொரு தடவை பூசினால் நேரே ரத்தத்தில் கலக்கும். உதடு மரத்தல், காதில் இரைச்சல், தலைசுற்றல், கை நடுக்கம் என்று ஆரம்பித்து வலிப்பு வரை, இதயத் துடிப்பு தாறுமாறாவது வரை போகலாம். டாட்டூ போன்ற வேலைகளுக்கு இப்படி வீரியம் கூடிய கிரீம்களை விற்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் எச்சரித்தது. 4 சதவீதத்துக்கு மேல் லிக்னோகெய்ன் உள்ளதைச் சீட்டில்லாமல் வாங்கித் தோலில் பூச வேண்டாம் என்றது. ஆன்லைன் டியூபில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பதை நம்பவும் முடியாது. பிரிலோகெய்ன் என்ற இன்னொரு மரத்துப்போகும் மருந்து சேர்ந்த கலவை என்றால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாரிக்கும் ஆபத்து வேறு. உங்கள் எடைக்கு எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். கடைக்காரர் தன் வசதிக்குச் சொல்கிறார், அவ்வளவுதான்.

கிரீம் இல்லாமல் என்ன செய்வது? நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தலை சுற்றும் என்பதை முதலிலேயே சொல்லி, படுத்துக்கொண்டு போடச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது கோடு இழுக்கச் சொல்லலாம். இரண்டு தவணையாகப் போட்டாலும் கோலம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ரத்தக் கசிவைக் கூட்டும். முதல் நாள் தோழிகள் தைரியத்துக்கு என்று கள்ளு நீட்டுவார்கள். உங்கள் பக்கத்துச் சித்தூர்க் கள்ளின் மேல் எனக்குப் பகை இல்லை, அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

ஊசி உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும், மிச்சத்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றக் கூடாது. மையைக் குழாய்த் தண்ணீரில் கலந்தாலும் எழுந்து வாருங்கள், அதில் இருக்கும் கிருமி மாதக்கணக்கில் கொப்புளம் போட்டுக்கொண்டிருக்கும். திருவிழாக் கடையில் அரை விலைக்குக் கிடைக்கிறதென்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரே ஊசி பலர் மேல் போகும் இடம் அது. மஞ்சள் காமாலை பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதற்கான தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது 2011 வாக்கில்தான், அதற்கு முன் பிறந்த நீங்கள் போட்டிருக்கிறீர்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். இல்லையென்றால் மூன்று தவணை, ஆறு மாதம் ஆகும். காதுக்குச் சிகிச்சை நடக்கும்போதே முடித்துவிடலாம்.

போட்ட பிறகு ஒரு மாதம் உள்ளாடைப் பட்டை அந்த இடத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆறு, குளம் வேண்டாம். மஞ்சள் பூசச் சொன்னால் அமுச்சியிடம் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ரத்த தானம் ஓர் ஆண்டுக்குக் கிடையாது.

கீலாய்டு என்று தெரிந்தால் விலா வேண்டாம், வேறு இடமும் வேண்டாம். எப்படியானாலும் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வெண்தாளும் பேனாவும் கொண்டுபோய் அமுச்சியின் கைக் கோலத்தை வரைந்து எடுத்துக்கொள்ளுங்கள். வயதான தோலில் மை பரவும். புள்ளிகள் எத்தனை என்று இப்போது அவர் கையைப் பார்த்து எண்ண முடியாவிட்டாலும், அவருக்கு நினைவிருக்கும்.