இன்சுலினும் அவிசுவாசமும் – கடிதம்

வணக்கம்.

எங்கள் வீடு பெரம்பூரில், சி.எஸ்.ஐ. குடும்பம். அப்பா தவறிய பிறகு அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கூட்டத்துக்குப் போகிறார். "தழும்புகளால் குணமாகிறோம் என்று அறிக்கை செய்துவிட்டு ஊசி போட்டால் அது அவிசுவாசம்" என்று அங்கே பாஸ்டர் சொன்னாராம். நான்கு நாளாக அம்மா இன்சுலின் போடவில்லை. நூறத்தனையாக, அதாவது நூறு மடங்காகத் திரும்பும் என்று விதைக் காணிக்கையாகப் பணமும் அனுப்புகிறார். நான் ஏதாவது சொன்னால், வேதாகமத்தில் வைத்தியரைத் தேடிப்போன ஆசா ராஜா செத்ததைக் காட்டுகிறார். இது கள்ள உபதேசமா? அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உபதேசம் அப்புறம். இன்றே அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நான்கு நாள் ஊசி போடாததை மறைக்காமல் சொல்லுங்கள்; எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, அரைமயக்கம், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108. உடம்பில் இன்சுலின் அறவே இல்லாமல் போனால் ரத்தம் அமிலமாகி, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

ஆம், கள்ள உபதேசம்தான். ஆனால் அம்மாவிடம் அந்த வார்த்தையிலிருந்து தொடங்காதீர்கள். தேவன் குணமாக்குவார் என்பதை மறுத்தும் வாதாடாதீர்கள். இயேசு பிணியாளிகளைச் சுகப்படுத்தியதை மத்தேயு 8:17, அந்தத் தழும்பு வசனம் வரும் ஏசாயா 53-ஓடுதான் இணைக்கிறது. அந்த மட்டில் அம்மா சொல்வது சரி. மருந்தெடுத்தால் அவிசுவாசம் என்பது மேலே ஒட்டவைத்தது. அதை அந்த அதிகாரம் சொல்லவே இல்லை.

ஏசாயா 38-ஐ அம்மாவே சத்தமாக வாசிக்கட்டும். 22 வசனம்தான். மரணத்துக்கேதுவான வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுப்பதாகக் கர்த்தர் சொல்லிவிட்டார். அதே அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தில், தழும்புகளைப் பற்றி எழுதிய அதே ஏசாயா, பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தம் கிடைத்த பிறகும் பற்று வேண்டியிருந்தது.

ஆசா விஷயத்தில் 2 நாளாகமம் 16-இன் 12-ஆம் வசனத்தை மட்டும் காட்டுவார்கள். 7-இலிருந்து வாசியுங்கள். கர்த்தரை விட்டுச் சீரியா ராஜாவை நம்பியதும், அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்ததும் அங்கே இருக்கிறது. வியாதியிலும் அவன் கர்த்தரைத் தேடவில்லை, குற்றம் அதுதான். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியாகவே விட்டுவந்தவரும் அவர்தான். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று அந்தப் பாஸ்டரும் சொல்லமாட்டார்.

காணிக்கைக்கு மாற்கு 10:29, 30 போதும். நூறத்தனை என்று சொல்கிறவர்கள் "துன்பங்களோடேகூட" என்று அதே வசனத்தில் இருப்பதை விழுங்கிவிடுவார்கள். தாய்களும் நூறத்தனை என்றிருக்கிறதே, அதை எந்த வட்டிக்கணக்கில் சேர்ப்பது? பணம் டிரஸ்ட் கணக்குக்குப் போய் ரசீது வருகிறதா, பாஸ்டரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

பாஸ்டரிடம் பேச வேண்டும். கூட்டத்தின் நடுவில் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பிலும் வேண்டாம். அரைகுறையாக அறிந்து போதித்த அப்பொல்லோவை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியே சேர்த்துக்கொண்டுதான் திருத்தினார்கள் (அப்போஸ்தலர் 18:26). போகும்போது ஒரே கேள்வி: "மருந்தை நிறுத்தச் சொன்னீர்களா?" அப்படிச் சொல்லவில்லை என்றால், அதை அம்மாவின் முன்னிலையில் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். சொன்னேன் என்று நின்றால், அடுத்தமுறை உங்கள் ஆயரையும் இன்னொருவரையும் கூட்டிப்போங்கள். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற பதில் வரக்கூடும். பேதுருவையே பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்திருக்கிறார் (கலாத்தியர் 2:11–14). இது போன்ற தனிக் கூட்டங்களில் பாஸ்டருக்கு மேலே கேட்க ஆள் இருக்காது. அதனால் அவர் மாறாவிட்டால் அம்மா அங்கே போவதை நிறுத்துவதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. குழந்தை ஞானஸ்நானம், அந்நியபாஷை, நகை போடுவது பற்றியெல்லாம் அந்தக் கூட்டம் உங்கள் சபையோடு வேறுபடலாம். அதையும் இந்தச் சண்டையில் சேர்த்தால் இது சபைப் போட்டி என்று அம்மா முடிவுகட்டிவிடுவார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு எங்கேயாவது போக இடம் வேண்டும். துணையில்லாத வீட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தது அந்தக் கூட்டம்தான். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அம்மாவின் வயதுள்ள இரண்டு பேரிடம் இந்த வாரமே பேசி, வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.