எட்டாம் ஹென்றியின் சபையா?

கேள்வி: நான் அங்கிலிக்கன் (இங்கிலாந்துச் சபை வழிவந்த கிறிஸ்தவர்) என்றால், "அரசன் பெண்டாட்டியை விலக்கக் கட்டிய சபைதானே, வெள்ளைக்காரன் மதம்" என்கிறார்கள் அலுவலகத்தில். பாதி கத்தோலிக்கம், பாதி புரட்டஸ்தாந்து என்ற கேலி வேறு. அங்கிலிக்கனாக இருப்பதென்றால் உண்மையில் என்ன?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: ஹென்றி கதை பொய்யல்ல. 1534இல் பாப்பரசரை ஒதுக்கி, இங்கிலாந்துச் சபைக்குத் தானே தலைவன் என்று சட்டம் செய்துகொண்டவர்தான் அவர். ஆனால் 1547இல் அவர் சாகும்வரை அங்கே நடந்தது லத்தீன் பூசை. நம் ஜெப புத்தகத்துக்கு மூலமான நூலைக் கன்டர்பரிப் பேராயர் தோமஸ் கிரான்மர் கொண்டுவந்தது 1549இல். நம்மை அங்கிலிக்கன் ஆக்கியது அந்த நூல்தான். சனங்களுக்கு விளங்கும் மொழியில், குருவும் சபையாரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று அது கேட்டது. இன்றும் பாவ அறிக்கையை ஆயரும் சொல்கிறார், தோட்டத் தொழிலாளியும் சொல்கிறார். இருவருக்கும் வாசகம் ஒன்றே. ஒரு கருத்தில் மோதிக்கொள்பவர்களும் அடுத்தடுத்து முழந்தாளிட்டுத் திருவிருந்து பெறுகிறார்கள். இது எனக்குப் பெரிய காரியமாகவே படுகிறது.

பாதி பாதி என்பதும் பிழை. வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வழிவழி வரும் ஆயர் பணி ஆகிய நான்கையும் சபை ஐக்கியத்துக்கு அடிப்படையாக, உலக அங்கிலிக்கன் ஆயர்கள் கூடும் லம்பெத் மாநாடு 1888இல் வைத்தது. இதில் எதை நாம் பாதியாகப் பிடித்திருக்கிறோம்?

வெள்ளைக்காரன் மதம் என்பவர்களுக்குக் கிறிஸ்தியன் தாவீதைத் தெரியாது. தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்து, யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த தமிழர். 1824இல் கல்கத்தாவில் ஆயர் ஹீபர் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். கொழும்பு மறைமாவட்டமே 1845இல்தான் உருவானது. இங்கே ஓர் ஆயர் வந்து அமர்வதற்கு 21 ஆண்டுகள் முன்பே நமக்குத் தமிழ்க் குரு இருந்தார்.

நாம் வெட்கப்பட வேண்டியது வேறொன்று. பெரிய பாடசாலையில் பிள்ளைக்கு இடம் பிடிக்க ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடி ஓடுகிறவர்கள், இடம் கிடைத்ததும் கோவில் பக்கம் தலைகாட்டுவதில்லை. படிவத்தில் அவர்களும் அங்கிலிக்கன்தான். அதைக் காட்டிக் கேலி செய்தால் பதில் சொல்ல எனக்கும் வழியில்லை.

குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க சிங்களவர். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின், உடல்நலம் கெட்டிருந்த நிலையிலும், தமிழருக்கு நடந்ததற்காகத் தம் இனத்தவர் வெட்கப்பட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒக்டோபரிலேயே காலமானார். அலுவலகத்தில் இனி யாராவது கேட்டால், ஹென்றியை விட்டுவிட்டு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.