டெக்ஸ்சரைசர் போட்டும் பிடரிப் பக்கச் சுருள் இளகவில்லை

டெக்ஸ்சரைசரை (இறுக்கமான சுருளைக் கொஞ்சம் தளர்த்தும் மருந்து) இப்போதே மறுபடி போடாதீர்கள். முன்பக்கம் நேராகிவிட்டது, பிடரிப் பக்கம் மட்டும் பழைய இறுக்கமான சுருளாகவே நிற்கிறது என்கிறீர்கள். முழுத்தலைக்கும் இரண்டாம் முறை தடவினால் முன்முடி ஒடிந்து கையோடு வரும். குறைந்தது 8 வாரம் விடுங்கள். அப்புறம் இளகாத பகுதிக்கு மட்டும் போடலாம்.

காரணம் பெரும்பாலும் நேரம்தான். டெக்ஸ்சரைசரில் பெரும்பாலும் இருப்பது, முடியை நேராக்கும் ரிலாக்சரில் உள்ள அதே வகைக் காரம்: சோடியம் ஹைட்ராக்சைடோ குவானிடின் ஹைட்ராக்சைடோ. குறைந்த நேரம் வைக்கிறோம், அவ்வளவே. நெற்றியோர முடி மெல்லியது, சீக்கிரம் இளகிவிடும். நீங்கள் அங்கே தொடங்கி, பிடரிக்குக் கடைசியில் வந்திருப்பீர்கள். அடுத்த முறை பிடரியில் தொடங்குங்கள். மருந்து தலையில் இருக்கும்போது சீப்பால் இழுத்து வாரவே வேண்டாம். சுருள் முழுக்க நேராகிவிட அதுவும் ஒரு காரணம்.

ஒரு சோதனை: முன்பக்கத்தில் ஒரு முடியை நனைத்து மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பிச் சுருங்கினால் பலம் இருக்கிறது. நீண்டபடியே தொய்ந்தாலோ அறுந்தாலோ, அந்தப் பக்கம் இனி எந்த மருந்தும் படக்கூடாது.

முன்பு தையோகிளைகோலேட் என்ற மருந்தால் முடியின் வடிவை மாற்றும் பெர்மோ, நிறத்தை நீக்கும் ப்ளீச்சோ செய்திருந்தால் இந்த யோசனையையே விடுங்கள். பெர்ம் செய்த முடியில் இந்தக் காரம் பட்டால் முடி அறுந்துவிடும். தலைத்தோலில் புண் இருந்தால் முதலில் ஆறட்டும்.

நேரான முன்முடி பழைய சுருளுக்குத் திரும்பாது. வேரிலிருந்து புதிதாக வளர்வதுதான் சுருளாக வரும்.