விபிஎன் சேர்வரில் வேண்டாம், றவுட்டரில் இருக்கட்டும்

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் அரிசி ஆலை அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் சேர்வர் இருக்கிறது. நான் வவுனியாவில் இருக்கிறேன். அது ஹேங் ஆனால் ஏ9 வழியே ஓட வேண்டியிருக்கிறது. 4ஜி றவுட்டரில் போர்ட் திறந்தும் உள்ளே போக முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: றவுட்டரின் செட்டிங் பக்கத்தில் வான் (WAN, இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. பல வாடிக்கையாளர்கள் ஒன்றையே பகிர்கிறீர்கள். வெளியிலிருந்து யார் தட்டினாலும் உங்கள் றவுட்டருக்குக் கேட்காது. திறந்த போர்ட்டை இன்றே மூடிவிடுங்கள். நாளைக்குப் பொது முகவரி கிடைத்தால் அது திறந்த கதவாகிவிடும்.

சரி, உள்ளேயிருந்து வெளியே போவோம். பொது முகவரியுள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் இயங்கும் மெய்நிகர் சேர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள். விபிஎன் என்பது இணையத்தினூடே போகும் பூட்டிய தனிவழி. கிளிநொச்சியும் உங்கள் மடிக்கணினியும் அதனுடன் இணையட்டும். கிளிநொச்சிப் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பேச்சில்லாத நேரத்தில் இணைப்பு செத்துவிடும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வயர்கார்டைச் சேர்வரிலேயே நிறுவினால், சேர்வர் ஹேங் ஆகும்போது உங்கள் வழியும் அதோடு போய்விடும். அதை றவுட்டரில் வையுங்கள். மைக்ரோடிக் றவுட்டரில் றவுட்டர்ஓஎஸ் 7 மென்பொருள் இருந்தால் போதும். இல்லையென்றால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் வையுங்கள்.

அப்புறம் சேர்வரின் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்பிஈ என்றால் ஐலோ, டெல் என்றால் ஐடிராக் என்று, தூரத்திலிருந்து சேர்வரை இயக்க உதவும் தனி நெட்வொர்க் போர்ட் இருக்கலாம். சேர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். ரீஸ்டார்ட் செய்ய இதுவே போதும். ஆனால் இதை இணையத்துக்கு ஒருபோதும் காட்டாதீர்கள். இவை பேசும் ஐபிஎம்ஐ 2.0 என்ற நெறிமுறையிலேயே ஒரு கோளாறு உண்டு: பயனர் பெயர் தெரிந்த எவரும் உள்நுழையாமலே கடவுச்சொல்லின் ஹாஷை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட மறைவடிவம்) கேட்டு வாங்கி, பிறகு ஆறுதலாக உடைக்கலாம். ஐபிஎம்ஐயை அணைத்து, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றி, ஐலோவையோ ஐடிராக்கையோ விபிஎன் வழியாக மட்டும் திறவுங்கள்.

தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்கு, ஈடி25519 வகை டிஜிட்டல் சாவி போதும். கடவுச்சொல் நுழைவை நிறுத்துங்கள். மாற்றும்போது பழைய டெர்மினலை மூடாமல், இன்னொன்றில் சாவியால் நுழைந்து பாருங்கள். நுழைந்த பிறகே பழையதை மூடுங்கள்.

றவுட்டரையும் ராஸ்பெரி பையையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். சேர்வரின் பயோஸில், கரண்ட் திரும்பியதும் தானாக இயங்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள்.